சிவில் படிக்கப் போகிறவர்களுக்கு: ஒரு பீமும் எட்டு செமஸ்டரும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சிவிலில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள், முடித்தால் என்ன வேலை, எந்தக் கல்லூரியை எழுதுவது என்று கேட்க ஊரில் ஒருவரும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. முடித்துவிட்டு இப்போது கட்டட சைட்டில் வேலை பார்க்கிறேன். படிக்கும்போது தனியாகத் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதையும், வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியதையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். எனக்குப் போன பணமும் நாட்களும் போனதுதான். அடுத்து வருகிறவர்களுக்காவது மிச்சமாகட்டும்.

கலந்தாய்வுக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். வருவாய்த் துறையில் நாளாகும். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் வருகிறவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இது தெரியாமல் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் முகப்புக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சிவில் துறையின் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் கியூபை உடைக்கும் கம்ப்ரெஷன் மெஷின் ஓடுகிறதா, டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் மின்னணு சர்வே கருவி) எத்தனை இருக்கிறது, அதன் பேட்டரி சார்ஜ் நிற்கிறதா என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, "லேபில் உங்கள் கையால் கியூப் போட்டிருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதும், உண்மை வெளியே வந்துவிடும். கட்டணத்தில் இன்னொரு விஷயம். அரசு ஒதுக்கீட்டுக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதைக் கட்டண நிர்ணயக் குழு வரையறுக்கிறது. அதற்கு மேல் 'பிளேஸ்மென்ட் பயிற்சி', 'மேம்பாடு' என்று தனித்தனி பெயரில் கேட்பார்கள். எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதிய ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிறகு தகராறு வந்தால் கையில் இருக்கும் ரசீதுதான் பேசும்.

தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு முதல் செமஸ்டர் கொடுமையானது. வகுப்பில் என்ன பேசுகிறார்கள் என்றே எனக்குப் பிடிபடவில்லை. எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் மூளை இல்லை என்று ராத்திரியில் அழுதிருக்கிறேன். பாதி வகுப்பு அதே நிலைமையில்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. சிவில் புத்தகங்களின் ஆங்கிலம் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கியது. ஒவ்வொரு பாடத்திலும் நாற்பது ஐம்பது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் இரண்டாம் செமஸ்டருக்குள் பயம் விட்டுப்போகும். முதலாண்டில் கோட்டைவிடக் கூடாத பாடம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். டிராஃப்டர் என்ற வரைகருவியைப் பிடித்துக் கோடு போடுவது வேலையில் உதவாது என்று சீனியர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். முன்தோற்றம், மேல்தோற்றம், வெட்டுத்தோற்றம் மூன்றையும் மனதுக்குள் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது. சைட்டில் மேஸ்திரி வரைபடத்தை நீட்டி, "சார், இந்தக் கம்பி எங்கே திரும்புது?" என்று கேட்கும்போது தேவைப்படுவது அதுதான்.

அடுத்து வருவதுதான் முதுகெலும்பு. பாடத்திட்டத்தைப் பொறுத்து இரண்டாவதோ மூன்றாவதோ செமஸ்டரில் மெக்கானிக்ஸ் வரும். அதன் தோளில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதன் மேல் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ், அதற்கு மேல் ஆர்.சி.சி. (கம்பி போட்ட கான்கிரீட்) டிசைன். கல்லூரியில் இவை நான்கும் நான்கு தனிப் பாடங்களாக, நான்கு வெவ்வேறு ஆசிரியர்களால் நடத்தப்படும். ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் யோசனை இது: உங்கள் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பீமை (உத்திரத்தை) முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அதே பீமைக் கடைசி செமஸ்டர் வரை விடாமல் கணக்குப் போடுங்கள்.

எடுத்துக்காட்டாக, இரு முனையிலும் சும்மா உட்கார்ந்திருக்கும் 4 மீட்டர் பீம். அகலம் 230 மி.மீ., ஆழம் 450 மி.மீ. தன் எடையும் சேர்த்து மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சுமை. மெக்கானிக்ஸில் நீங்கள் கண்டுபிடிப்பது, ஒவ்வொரு முனையும் 40 கிலோநியூட்டன் தாங்குகிறது என்பது. அடுத்த பாடத்தில் நடுவில் வரும் பெண்டிங் மொமெண்ட் (பீமை வளைக்கும் திருப்புத்திறன்): 20 × 4 × 4 ÷ 8, அதாவது 40 கிலோநியூட்டன்-மீட்டர். செக்‌ஷன் மாடுலஸ் (குறுக்குவெட்டு வளைவைத் தாங்கும் திறனின் அளவு) 230 × 450 × 450 ÷ 6, சுமார் 77.6 லட்சம் கன மி.மீ. மொமெண்ட்டை இதனால் வகுத்தால் அடிப்பக்கத்தில் ஒரு சதுர மி.மீட்டருக்கு 5.15 நியூட்டன் இழுவிசை வருகிறது. எம்20 கான்கிரீட் (சதுர மி.மீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கும் வகை) விரிசல் விடும் அளவு 0.7 × √20, அதாவது 3.13தான். வெறும் கான்கிரீட்டாக இருந்தால் இந்த பீம் அடியில் விரிந்து உடையும். ஆகவேதான் கம்பி அடியில் போகிறது. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் ஸ்ட்ரென்த் பாடமும் ஆர்.சி.சி.யும் எனக்குள் ஒன்று சேர்ந்தன. அது மூன்றாம் ஆண்டில் நடந்தது. இரண்டாம் ஆண்டிலேயே யாராவது காட்டியிருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கலாம் என்று இன்றும் ஆற்றாமை உண்டு.

அதே பீமை டிசைன் பாடத்துக்குக் கொண்டுபோங்கள். பாதுகாப்புக்காக 40ஐ 1.5ஆல் பெருக்கினால் 60. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 முறைப்படி எம்20 கான்கிரீட், எஃப்.இ.500 தரக் கம்பி, அடியில் 16 மி.மீ. கம்பி இரண்டு. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) 25, ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) 8, கம்பியின் பாதி 8 கழித்தால் பயன்படும் ஆழம் 409 மி.மீ. தாங்கும் மொமெண்ட் ஏறக்குறைய 63.8 வருகிறது, 60க்கு மேல், போதும். பிறகு பீமை சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியாக மாற்றிப் பாருங்கள். இழுவிசை மேல்பக்கம் போய்விடும், கம்பியும் மேலே போக வேண்டும். சைட்டில் கான்கிரீட் போடும்போது ஆட்கள் அந்த மேல் கம்பியை மிதித்து மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். பால்கனியும் சன்ஷேடும் சென்ட்ரிங் (தாங்கு பலகை) பிரித்ததும் தொங்குவதற்கு இது முக்கியமான காரணம். மேல் கம்பியைத் தூக்கி நிறுத்தும் 'சேர்' கம்பிகளைப் போதுமான அளவுக்கு வைத்தார்களா என்று பார்ப்பது உங்கள் வேலை.

மெக்கானிக்ஸில் அரியர் விழுந்தால் அடுத்த மூன்று பாடங்களும் ஆட்டம் காணும் என்பது இதிலிருந்தே தெரியும். பெரும்பாலும் விழுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பொருளைத் தனியாகப் பிரித்து அதன் மேல் வரும் விசைகளை அம்புக்குறியோடு வரையும் படத்தைத் தவிர்த்துவிட்டு நேராகச் சமன்பாட்டுக்குப் போவது. இன்னொன்று, கிலோநியூட்டனையும் மீட்டரையும் நியூட்டனோடும் மி.மீட்டரோடும் கலந்துவிடுவது. கணக்கின் முதல் வரியிலேயே எல்லாவற்றையும் நியூட்டன், மி.மீ. என்று மாற்றி எழுதிவிட்டால் பாதித் தொல்லை ஒழிந்தது.

சர்வே பாடத்தைப் பற்றி மனம் விட்டுச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் உங்களிடம் கேட்கப்படுவது மட்டம், அதாவது ஓர் இடத்தின் உயரம் பார்ப்பதுதான். கல்லூரியில் ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு ஒரு ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) கொடுப்பார்கள். ஒருவர் கருவியைப் பார்ப்பார், ஒருவர் ஸ்டாஃப் (அளவு குறித்த நீளக் கோல்) பிடிப்பார், மீதிப் பேர் மர நிழலில் உட்கார்ந்து ரெக்கார்டில் காப்பி அடிப்பார்கள். பெண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் நோட்டைத்தான் தள்ளுவார்கள். சண்டை போட்டாவது கருவியை வாங்குங்கள். முக்காலியை நிறுத்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, முதலில் குறுக்குக்கோடுகள் தெளிவாகத் தெரியும்படி கண்வில்லையைச் சரிசெய்து, பிறகு ஸ்டாஃபைத் தெளிவாக்க வேண்டும். கண்ணை மேலும் கீழும் அசைத்தால் கோடு ஸ்டாஃபின் மேல் நகரக் கூடாது. நகர்ந்தால் அளவு தப்பு.

கணக்கு எளிது. தெரிந்த மட்டம் 100.000. அங்கே ஸ்டாஃப் அளவு 1.450. கருவியின் உயரம் 101.450. அடுத்த இடத்தில் 0.870 தெரிந்தால் அங்கே மட்டம் 100.580. லிண்டலின் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீமின்) அடிமட்டம் வேண்டுமென்றால் ஸ்டாஃபைத் தலைகீழாகப் பிடித்து வரும் அளவைக் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. 1.950 வந்தால் 103.400. கடைசியில் பின்நோக்கு அளவுகளின் (கருவியை நிறுத்தியதும் தெரிந்த மட்டத்தில் எடுத்தவை) கூட்டலிலிருந்து முன்நோக்கு அளவுகளின் (கருவியை நகர்த்தும் முன் கடைசியாக எடுத்தவை) கூட்டலைக் கழித்து, கடைசி மட்டத்துக்கும் முதல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் கூட்டலில் பிழை. ஆனால் ஒன்றாக வந்தாலும் ஸ்டாஃபைத் தப்பாகப் படித்திருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்து மட்டத்தை மூடிப் பார்க்க வேண்டும். ஸ்டாஃப் சாய்ந்திருந்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். ஆகவே பிடிப்பவரை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டச் சொல்லி, தெரிவதில் மிகக் குறைந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் பார்க்கும் தூரத்தைச் சமமாக வைத்தால் கருவியின் கோணப் பிழை தானே கழிந்துவிடும்.

கான்கிரீட் ஆய்வகத்திலும் இதே கதைதான். போன வருட ரெக்கார்டிலிருந்து எண்களை எடுத்து எழுதிவிடுவார்கள். நீங்கள் ஒரு முறையாவது முழுமையாகச் செய்யுங்கள். 150 மி.மீ. அச்சில் எண்ணெய் தடவி, மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் 16 மி.மீ. கம்பியால் 35 முறை குத்த வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போட்டு, 28ஆம் நாள் உடைப்பது. மேலே கரணை போட்டு வழித்த முகம் மெஷினின் தட்டைத் தொடக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். அந்த முகம் சமமாக இருக்காது, தொட்டால் குறைந்த சுமையிலேயே உடையும். கியூபின் பரப்பு 22,500 சதுர மி.மீ. எம்25 கியூப் 562.5 கிலோநியூட்டனில் உடைந்தால் சரியாக 25. ஆனால் கலவையை 25க்கே வடிவமைப்பதில்லை. 25 + 1.65 × 4 = 31.6 (4 என்பது வலிமை ஏறி இறங்கும் அளவு, திட்ட விலக்கம்) என்ற இலக்குக்கு, அதாவது ஏறத்தாழ 711 கிலோநியூட்டனுக்கு வடிவமைப்பார்கள். இந்த வித்தியாசம் ஏன் என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். எல்லாக் கியூபும் ஒரே வலிமையில் வராது, நூற்றுக்கு ஐந்துக்கு மேல் 25க்குக் கீழே போகக் கூடாது, அதற்கான இடைவெளிதான் அது. தண்ணீர்க் கணக்கையும் இங்கேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் விகிதம் 0.5. கலவை இறுகுகிறது என்று யாரோ 5 லிட்டர் கூட ஊற்றினால் 0.6. அவ்வளவில் வலிமை நன்றாகவே இறங்கிவிடும்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரி பாடங்களுக்கு உள்மதிப்பீடு 40, இறுதித் தேர்வு 60. மொத்தத்தில் 50 எடுத்தாலும், இறுதித் தேர்வில் தனியாக 45 சதவீதம் இல்லையென்றால் தேர்ச்சி கிடையாது. டிசைன் தேர்வில் ஐ.எஸ். 456ஐ உள்ளே கொண்டுபோகலாம் என்றால் அதை முன்பே புரட்டிப் பழகியிருக்க வேண்டும். ஷியருக்கு (வெட்டுவிசைக்கு) அட்டவணை 19, இருவழித் தளத்துக்கு 26, தொடர் பீமுக்கு 12, 13, கவருக்கு 16 என்று விரல் தானாகப் போக வேண்டும். அதில் பேனாவால் எதுவும் எழுதி வைக்காதீர்கள். அரியர் விழுந்து, நன்றாக எழுதியதாக உங்களுக்கு உறுதி இருந்தால் முதலில் விடைத்தாள் நகலை வாங்கிப் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் சொன்ன பிறகே மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். இதற்குக் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான், முடிவு வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மனது இன்னும் ஆறாத விஷயம் மென்பொருள் பயிற்சி. மூன்றாம் ஆண்டில் ஒரு பயிற்சி மையத்தைக் கல்லூரியே வகுப்புக்குள் அழைத்து வந்தது. வரைபடத்துக்கு ஆட்டோகேட், சுமைக் கணக்குக்கு ஸ்டாட், முப்பரிமாண மாதிரிக்கு ரெவிட் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்கு மேல், சேராதவர்களுக்கு வேலை கிடைக்காது என்றார்கள். அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார். நடத்தியது எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்பதை மட்டும். ஆட்டோகேடும் ரெவிட்டும் மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனம் கல்வி உரிமத்தில் இலவசமாகவே தருகிறது. இந்தியத் தரநிலைகளை பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தளத்தில் பதிவு செய்து இலவசமாகப் பதிவிறக்கலாம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் முழுப் பாடங்களும் என்.பி.டெல் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஸ்டாட் போன்ற மென்பொருளுக்கு முன் கையால் கணக்குப் போடத் தெரிய வேண்டும். மேலே சொன்ன பீமை அதில் கொடுத்து நடுவில் மொமெண்ட் 40 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் முனைகளைக் கெட்டியாகப் பிணைத்துவிட்டீர்கள். அப்போது முனையில் 26.7ம் நடுவில் 13.3ம் காட்டும். தப்பு எங்கே என்று மென்பொருள் சொல்லாது.

மதிப்பீட்டுப் பாடத்தை ஒப்புக்குப் படிக்காதீர்கள். முதல் வேலையில் மட்டத்துக்கு அடுத்து வருவது கம்பிக் கணக்கு. கம்பி விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. 0.395, 12 மி.மீ. 0.89, 16 மி.மீ. 1.58. நம் பீமுக்கு ரிங் போடுவோம். இருபுறமும் கவர் 25 கழித்தால் 180க்கு 400. சுற்றளவு 1,160. இரண்டு கொக்கிக்கு 160 கூட்டி, வளைவுகளில் நீளும் 96ஐக் கழித்தால் வெட்ட வேண்டிய நீளம் 1,224 மி.மீ. 150 மி.மீ. இடைவெளியில் 28 ரிங், மொத்தம் 34 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், பதின்மூன்றரைக் கிலோ. கவரைக் கழிக்க மறந்தால் ரிங் சென்ட்ரிங் பலகையை உரசிக்கொண்டு நிற்கும், கான்கிரீட் போட்ட பிறகு கம்பி வெளியே தெரியும், துரு ஏறும். கம்பி 12 மீட்டர் நீளத்தில்தான் வருகிறது என்பதையும் நினைவில் வைத்து வெட்டும் வரிசையைத் திட்டமிட வேண்டும். இல்லையென்றால் துண்டுகளாகவே மிஞ்சும்.

கடைசி ஆண்டு புராஜெக்ட்டைக் கடையில் வாங்காதீர்கள். எங்கள் வகுப்பில் பலர் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினார்கள், நேர்முகத்தில் அதைப் பற்றியே கேட்டபோது வாய் திறக்க முடியவில்லை. கியூப் சோதனை வைத்த புராஜெக்ட் நினைப்பதைவிட மலிவு. எம்-சாண்டையோ வேறு பொருளையோ ஐந்து விகிதத்தில் மாற்றி, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் மூன்று மூன்று கியூப் உடைத்தால் மொத்தம் 30 கியூப். அதற்குத் தேவை 0.101 கன மீட்டர், சேதாரத்தோடு 0.12. கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் என்றாலும் 48 கிலோ, ஒரே மூட்டை. சிக்கல் பணத்தில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. ஆய்வகத்தில் 12 அச்சுதான் இருந்தால் மூன்று தவணையாகப் போட வேண்டும், கடைசித் தவணைக்குப் பிறகு 28 நாள் காத்திருக்க வேண்டும், இடையில் மற்ற குழுக்களும் அதே அச்சுக்கு வரிசையில் நிற்பார்கள். செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே முதல் கியூபைப் போட்டுவிடுங்கள். விடுமுறைப் பயிற்சிக்கும் சான்றிதழ் மட்டும் தரும் இடத்தைத் தேடாமல், அடித்தளமோ தளக் கான்கிரீட்டோ நடந்துகொண்டிருக்கும் ஏதாவது சைட்டில், சின்ன ஒப்பந்ததாரரிடமே ஆனாலும், போய் நில்லுங்கள். முக்கால் ஜல்லி, தூக்குக் குண்டு, ரசமட்டம், யூனிட் என்று ஆட்கள் பேசுவது காதில் விழ வேண்டும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, 2.83 கன மீட்டர். லாரியில் அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் யார் தலையில் விடியும் என்பதும் அங்கேதான் தெரியும்.

அரசு வேலையோ மேற்படிப்போ யோசிப்பவர்கள் மூன்றாம் ஆண்டிலிருந்தே கேட் என்ற தேசியத் தேர்வை எழுதலாம். 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண், மதிப்பெண் அட்டை மூன்று ஆண்டு செல்லும். பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலைத்துறை உதவிப் பொறியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் இதே அடிப்படைதான், கூடவே தமிழ் தகுதித் தாளும் பொது அறிவும். தனியாருக்குப் போகிறவர்கள் ஆரம்பச் சம்பளத்தைப் பற்றி ஏமாற வேண்டாம். எனக்குப் பதினைந்தாயிரத்துக்கும் கீழேதான் தொடங்கியது, வீட்டுக்கு அனுப்ப முடியாமல் தவித்த மாதங்கள் உண்டு. தொகையோடு தங்குமிடம், சாப்பாடு, பி.எஃப்., வார விடுமுறை நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று படிக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். சில இடங்களில் வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு வேலைக்குப் போகும்போது தர மறுப்பார்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்திட்ட நகலை மட்டும் கொடுங்கள்.